கணினி சாட்சி சொன்னால் யாரைக் குறுக்கு விசாரணை செய்வது?

நெடுஞ்சாலை எழுதியது:

தனியுரிமை என்று பேச்செடுத்தாலே "யார் நம்மைப் பார்க்கிறார்கள்" என்பதிலேயே நின்றுவிடுகிறோம். என் கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பார்த்தவர் நாளை நம்மைக் குற்றவாளி என்று சொன்னால் எதிர்த்துக் கேட்க வழி உண்டா?

பிரிட்டன் தபால் நிறுவன விவகாரத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999 முதல் அங்குள்ள கிளைத் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் போட்டார்கள். புஜிட்சு நிறுவனம் நடத்திக் கொடுத்தது. கல்லாவில் இருக்கும் பணத்தை எண்ணினால் திரையில் காட்டும் தொகையோடு ஒத்துவராது. சில கிளைகளில் ஆயிரக்கணக்கில் இடித்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களில் பலருக்கு, "இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருகிறது" என்று பதில் வந்தது. ஒப்பந்தப்படி பற்றாக்குறையைக் கிளை நடத்துபவரே கட்ட வேண்டும். சேமிப்பைக் கரைத்துக் கட்டினார்கள், கடன் வாங்கிக் கட்டினார்கள். திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் கர்ப்பிணி ஒருவரும் உண்டு. சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

மென்பொருளில் பிழை இருந்தது எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. எதில்தான் பிழை இல்லை? அதிர்ச்சி சட்டத்தில் இருக்கிறது. கணினிப் பதிவைக் கொண்டு வருபவர்தான் அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்று இங்கிலாந்தில் 1984 சட்டம் ஒன்று சொன்னது. நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று 1999இல் அந்தப் பிரிவை நீக்கினார்கள். அதன்பின் கணினி சரியாகத்தான் இயங்கியது என்ற அனுமானத்தோடுதான் வழக்கே தொடங்கும். தவறு என்பவர்தான் சான்று காட்ட வேண்டும். எங்கிருந்து காட்டுவார்? நிரலும் பிழைப் பட்டியலும் எதிராளியின் கையில். வெளியிலிருந்து கிளைக் கணக்கில் கை வைக்க முடியும் என்பதையே ஆண்டுக்கணக்கில் மறுத்து வந்தார்கள். 2019இல்தான் உயர் நீதிமன்றம் மென்பொருளின் லட்சணத்தைத் தீர்ப்பில் எழுதியது. 2024இல் தனிச் சட்டம் போட்டு தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள்.

என் நிலைப்பாடு இதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு திறந்து பார்த்துச் சோதிக்க முடியாத எந்த இயந்திரப் பதிவையும் அவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்கவே கூடாது. மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

*

சுடர்விழி எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி ஒருவர் மாடிப்படித் திருப்பத்தில் வழிமறித்துக் கையைப் பிடித்தார். புகார் கொடுத்தேன். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே", "நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். விசாரணைக் குழுவில் இருந்த பெண்மணியும் அதையேதான் சொன்னார். பிறகு அந்தத் திருப்பத்தில் ஒரு கேமரா இருப்பது தெரிந்து பதிவை எடுத்துப் பார்த்தார்கள். நான் கையை உதறுவதும் அவர் மறுபடி பிடிப்பதும் அதில் தெளிவாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த அறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

2020இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் முழங்காலால் கழுத்தை அழுத்தியதில் ஜார்ஜ் ஃபிளாய்டு இறந்தபோது போலீஸ் விட்ட முதல் அறிக்கையின் தலைப்பு என்ன தெரியுமா? போலீஸ் நடவடிக்கையின்போது மருத்துவக் காரணத்தால் ஒருவர் இறந்தார் என்று. தெருவில் நின்ற 17 வயதுப் பெண் தன் போனில் எடுத்த வீடியோ இல்லையென்றால் அந்த அறிக்கைதான் வரலாறாகியிருக்கும்.

மனிதச் சாட்சி ஆளைப் பார்த்துப் பேசும், பதவியைப் பார்த்துப் பேசும். கேமரா அப்படிப் பேசாது. இயந்திரத்தைச் சந்தேகிக்கச் சொல்லும்போது அதை மட்டுமே நம்பி நிற்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

*

பட்டறைக்காரன் எழுதியது:

நான் மென்பொருள் சோதனையில் இருக்கிறவன். சுடர்விழி சொல்லும் வீடியோவையும் நெடுஞ்சாலை சொல்லும் கணக்குப் பதிவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

வீடியோவில் நடந்ததை நீங்களே பார்க்கிறீர்கள். கணினிப் பதிவில் அப்படி இல்லை. "இன்ன பயனர், இன்ன நேரம், இன்ன வேலை செய்தார்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அந்த வரியை எப்போது எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்தவர் ஒரு நிரலாளர். அதில் வரும் "பயனர்" ஆள் கிடையாது, ஒரு உள்நுழைவுப் பெயர். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்து நாலு பேர் பயன்படுத்தும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். நால்வரில் யார் செய்தாலும் பதிவில் ஒருவர் பெயர்தான் விழும். நேரமும் அப்படித்தான். இரண்டு சர்வர்களின் கடிகாரம் சில நிமிடம் விலகியிருந்தால், பின்னால் நடந்தது முன்னால் நடந்ததாகக் காட்டும். வழக்கில் அந்தச் சில நிமிடத்தில் ஒருவரின் விதியே மாறலாம்.

நிர்வாகி உரிமை உள்ளவர் பதிவை மாற்றவும் முடியும். மாற்றியதற்குத் தடயம் இருக்குமா என்றால், அதற்கென்று தனியாக ஏற்பாடு செய்திருந்தால் இருக்கும். செலவு மிச்சம் என்று பெரும்பாலும் அதைத்தான் முதலில் கைவிடுவார்கள்.

*

வழிப்போக்கன் எழுதியது:

தப்பு செய்யாதவனுக்கு இதெல்லாம் எதற்கு? என் போனை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். மறைக்க எதுவும் இல்லாத ஆளுக்குப் பயமும் இல்லை.

*

தாழ்வாரம் எழுதியது:

வழிப்போக்கன் ஐயாவுக்கு,

மறைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே குழந்தைப் பராமரிப்புக்கு அரசு உதவித்தொகை உண்டு. மோசடியைப் பிடிக்கிறோம் என்று வரித்துறை ஒரு கணிப்பு முறையை வைத்தது. யார் மோசடி செய்ய வாய்ப்பு அதிகம் என்று அது தரம் பிரிக்கும். அதற்கு எடுத்துக்கொண்ட விவரங்களில் குடியுரிமையும் ஒன்று. வேறு நாட்டுக் குடியுரிமை கொண்டவர்களின் விண்ணப்பம் தனியே ஒதுக்கப்பட்டுத் துருவப்பட்டது. படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும் மோசடி என்று எழுதினார்கள். எழுதிவிட்டால் வாங்கிய உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். பலருக்கு அது பல்லாயிரம் யூரோ. வீடு போயிற்று, வேலை போயிற்று, கல்யாணங்கள் முறிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசுப் பராமரிப்புக்கு எடுத்துப் போனார்கள். 2021 ஜனவரியில் மார்க் ருட்டே அமைச்சரவையே பதவி விலகியது.

இவர்கள் எதை மறைத்தார்கள் ஐயா? குடியுரிமை விவரத்தை அவர்களேதான் அரசிடம் கொடுத்தார்கள். அதை எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை மறைத்தது அரசு. உங்கள் போனில் தப்பாக எதுவும் இல்லாமலிருக்கலாம். எது தப்பு என்று நாளை முடிவு செய்யப்போவது நீங்கள் இல்லையே.

*

கருப்பு அங்கி எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு விஷயம்.

நெடுஞ்சாலை சொல்லும் "ஏற்கவே கூடாது" எனக்குச் சம்மதம் இல்லை. அறிவியல் சாட்சியம் நிரபராதியையும் காப்பாற்றும். மரபணு ஒப்பீடு குற்ற விசாரணைக்குள் முதன்முதலில் எப்படி வந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில் 1983இலும் 1986இலும் இரண்டு சிறுமிகள் கொலையானார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் பிடிபட்டு, இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டும் விட்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த முறையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்று தெரிந்தது. அந்தத் தொழில்நுட்பம் முதலில் செய்த வேலை ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த ஒருவனை விடுவித்ததுதான். உண்மைக் குற்றவாளி பிறகு சிக்கி 1988இல் தண்டனை பெற்றான்.

இரண்டாவது, நெடுஞ்சாலை பயப்படுவது நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒருவருக்குத் தண்டனை விதிக்கும்போது, மறுபடி குற்றம் செய்யக்கூடியவர் என்று காம்பஸ் என்ற மென்பொருள் கொடுத்த மதிப்பெண்ணையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டதற்கு அது வணிக ரகசியம் என்றது நிறுவனம். 2016இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், அதை மட்டுமே நம்பித் தண்டிக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டு, பயன்படுத்தியது செல்லும் என்றது. என்னைக் கேட்டால் அது மோசமான தீர்ப்பு. என்ன சொல்லி என்னைத் தண்டித்தாய் என்று கேட்க முடியாத இடத்தில் வழக்கறிஞருக்கே வேலை இல்லை.

*

நெடுஞ்சாலை எழுதியது:

மரபணு உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது வக்கீல் சார். எடுத்த மாதிரி மிச்சம் இருந்தால் எதிர்த்தரப்பு வேறு ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். ஆய்வு செய்தவரைக் கூண்டில் ஏற்றி எப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். முறை வெளிப்படையானது. திறந்து பார்க்கக்கூடிய இயந்திரச் சாட்சியத்தை நான் மறுக்கவில்லை. ஹொரைசனையும் காம்பஸையும் யாரும் வேறு இடத்தில் வைத்துச் சோதிக்க முடியவில்லை. என் கோட்டை நான் அங்கேதான் போடுகிறேன்.

தாழ்வாரம் அக்கா சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றுக்கென்று கொடுத்த தகவல் வேறொன்றுக்குச் சாட்சியமாகிறது. நமக்குப் போனில் சிக்னல் வேண்டும், அதனால் கோபுரத்தோடு போன் பேசுகிறது. அந்தப் பதிவு நாம் எங்கெங்கே இருந்தோம் என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. அமெரிக்காவில் கார்பென்டர் வழக்கில் தேடுதல் வாரண்ட் இல்லாமலே ஒருவருடைய 127 நாள் இடப் பதிவுகளைப் போன் நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்தார்கள். மொத்தம் 12,898 புள்ளிகள். எந்த மருத்துவரிடம் போனார், எந்த வழிபாட்டு இடத்துக்குப் போனார், இரவில் யார் வீட்டில் தங்கினார் என்று அதிலிருந்து ஒரு ஆளின் வாழ்க்கையையே வரையலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில்தான் தேடுதல் வாரண்ட் வேண்டும் என்றது. ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் முடிந்தது.

*

சுடர்விழி எழுதியது:

எல்லோரும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் வீடு புகுந்து தொடர்ச்சியாகப் பாலியல் வன்முறையும் கொலைகளும் செய்தவன் 2018 ஏப்ரலில்தான் பிடிபட்டான். வம்சாவளி தேடுகிறவர்கள் ஒரு இணையதளத்தில் பதிவேற்றியிருந்த மரபணு விவரத்தை வைத்து அவனுடைய தூரத்து உறவினர்களைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அவனை நெருங்கினார்கள். உறவினர்களின் தனியுரிமை மீறப்பட்டது என்று அப்போதும் கட்டுரைகள் வந்தன. உயிர் தப்பி, கதவைப் பூட்டினோமா என்று இரவெல்லாம் எழுந்து பார்த்தே முதுமை அடைந்த பெண்களிடம் அதைப் போய்ச் சொல்ல முடியுமா?

*

பட்டறைக்காரன் எழுதியது:

சொல்ல முடியாதுதான். ஆனால் அங்கே முடிவில் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். தளத்தில் கிடைத்தது ஒரு துப்பு மட்டும். அதன்பின் அவன் வீசிய பொருளிலிருந்து நேரடியாக மரபணு எடுத்து, குற்ற இடத்து மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் கைது செய்தார்கள். துப்பு துப்பாகவே இருந்தது.

முக அடையாளத்தில் இந்த இரண்டாவது படியைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டும் தவறும் மென்பொருள் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? தேடுவது ஒரே ஒரு ஆளை, பத்து லட்சம் முகங்கள் உள்ள தொகுப்பில். அப்படியானால் சம்பந்தமே இல்லாத சுமார் ஆயிரம் பேரை "இவர்தான்" என்று காட்டும். உண்மையான ஆள் தொகுப்பிலேயே இல்லாமல் போனாலும் அந்த ஆயிரம் பேர் வருவார்கள். அதில் மேலே நிற்பவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்டு நகரையொட்டிய புறநகரில் ஒருவரை அவர் மனைவி, சின்னப் பெண் குழந்தைகள் கண்முன்னே வீட்டு வாசலில் விலங்கிட்டார்கள். கடையில் கைக்கடிகாரம் திருடிய ஆளின் மங்கலான கேமராப் படத்தோடு அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் ஒத்துப்போனதாகக் கணினி சொன்னதுதான் தொடக்கம். விசாரணை அறையில் அந்தப் படத்தை வாங்கித் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஒற்றுமை இல்லை என்பது அங்கிருந்தவர்களுக்கே தெரிந்தது. ஆனாலும் சுமார் 30 மணி நேரம் காவலில் வைத்தார்கள். அவர் கறுப்பினத்தவர். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல மென்பொருள்கள் வெள்ளையரைவிடக் கறுப்பின, ஆசிய முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை தவறாகப் பொருத்தியது தெரியவந்தது. 2024இல் சமரசம் ஏற்பட்டு, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை என்று டெட்ராய்டு போலீஸ் ஒப்புக்கொண்டது.

*

கடைசி பெஞ்ச் எழுதியது:

எல்லாரும் கோர்ட்டு, போலீஸ்னு பேசுறீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். நான் செயலி வழியா டெலிவரி ஓட்டுறவன். கொஞ்ச நாள் முன்னாடி பைக்ல இருந்து விழுந்து புருவத்துல தையல், ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போச்சு. ரெண்டு நாள் படுத்துட்டு, காசு வேணுமேன்னு மறுபடி வண்டி எடுத்தேன். நடுவுல செயலி செல்ஃபி கேட்டுச்சு, அடிக்கடி கேக்கும். எடுத்தேன், பொருந்தலன்னு வந்துச்சு. ஹெல்மெட்டைக் கழட்டி, பேண்டேஜை லேசா விலக்கி, வெளிச்சத்துல நின்னு மறுபடி எடுத்தேன். அதுவும் பொருந்தல. திரை சிவப்பாயிடுச்சு. "உங்கள் கணக்கை வேறொருவர் பயன்படுத்தியது கண்டறியப்பட்டதால் நிரந்தரமாக நீக்கப்பட்டது."

பையில டெலிவரி பண்ண வேண்டிய பொருள் அப்படியே இருக்கு. கீழ மேல்முறையீடுன்னு ஒரு பட்டன். ஆஸ்பத்திரி சீட்டு, தையல் போட்ட போட்டோ எல்லாம் வச்சு அனுப்பினேன். போனை பாக்கெட்ல வைக்கிறதுக்குள்ள பதில் வந்துடுச்சு: "பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை." அதுக்குள்ள எந்த மனுசன்ணா படிச்சிருப்பான்? குத்தம் சொன்னது, தீர்ப்பு சொன்னது, தண்டனை குடுத்தது எல்லாம் ஒரே மெசேஜ்ல. நான் திருடன்னு சொல்றாங்க, யாருகிட்ட போய் இல்லைன்னு சொல்றது?

*

வழிப்போக்கன் எழுதியது:

தம்பி, மனசுக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் அடையாள அட்டையை அடுத்தவரிடம் கொடுத்து ஓட்டவிடுவது உண்மையிலேயே நடக்கிறது. வீட்டு வாசலுக்கு வருபவர் யார் என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டாமா? லட்சக்கணக்கான ஓட்டுநர்களை ஆள் வைத்தே சரிபார்க்க முடியுமா?

*

கருப்பு அங்கி எழுதியது:

செல்ஃபி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. வாழ்வாதாரத்தைப் பறிக்கும் முடிவையும் இயந்திரத்திடமே விடுவதுதான் பிரச்சினை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவைத் தானியங்கி முறை மட்டுமே எடுக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு, அவற்றில் பலவற்றிலும்கூட ஒரு மனிதர் தலையிட வேண்டும் என்று கேட்கவும் முடிவை எதிர்க்கவும் உரிமை உண்டு. 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாடகைக் கார் செயலி ஓட்டுநர்கள் இதை வைத்தே போராடினார்கள். எங்கள் ஆட்களும் பார்த்துத்தான் நீக்கினோம் என்றது நிறுவனம். அந்த ஆட்களின் பங்கு பெயரளவுக்கு மேல் இல்லை என்றது நீதிமன்றம்.

*

தாழ்வாரம் எழுதியது:

இயந்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு இதுபோன்ற ஒரு இணைய மன்றத்தில்தான் கூட்டமாகச் சேர்ந்து துப்பறிந்தார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவரின் படத்தை எடுத்து இவன்தான் என்றார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இரவு முழுக்க வசவும் மிரட்டலும் வந்தன. அந்தப் பிள்ளை அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார், சம்பவத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. அவருக்கும் பதில் சொல்ல வாய்ப்பு கொடுக்கப்படவில்லை. யாரோ அனுப்பும் வீடியோவை "இவனை விடாதீர்கள்" என்று நாலு குழுவுக்குத் தள்ளிவிடும் பழக்கம் என் வீட்டிலேயே இருக்கிறது. தினமும் சண்டை போடுகிறேன்.

*

சுடர்விழி எழுதியது:

தாழ்வாரம் அக்கா இதை எழுதியதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். விசாரணை முடிந்து அந்த மேலதிகாரியை அனுப்பிய பிறகு, அந்தப் பதிவு வேலை செய்கிற இடத்தில் போன் போனாகச் சுற்றியது. யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. எனக்கு நியாயம் வாங்கித் தந்த அதே காட்சியைச் சாப்பாட்டு இடைவேளையில் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நான் வேலையை விட்டதற்கு அவர் காரணம் இல்லை, அந்த வீடியோதான் காரணம்.

கேமரா வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தப் பதிவை யார் யார் திறந்தார்கள், யார் நகல் எடுத்தார்கள் என்ற கணக்கு எனக்குத் தரப்பட வேண்டும். அதில் இருப்பது என் உடம்பு. வழக்கு முடிந்ததும் அது பூட்டப்பட வேண்டும்.

*

நெடுஞ்சாலை எழுதியது:

சுடர்விழி, நீங்கள் கேட்கும் கணக்கை நான் கேட்கும் உரிமையோடு சேர்த்தே கேட்க வேண்டும். பட்டறைக்காரன் சொன்ன தடயப் பதிவு இருந்தால் இரண்டுமே கிடைக்கும். பதிவை யார் தொட்டார்கள் என்று தெரிந்தால் பாதிக்கப்பட்டவரின் மானமும் காப்பாற்றப்படும், குற்றம் சாட்டப்பட்டவர் அதை நம்பலாமா என்றும் தெரியும். செலவைச் சொல்லித் தட்டிக் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். கேமராவுக்குச் செலவழிக்க முடிகிறவர்களுக்கு இதற்கும் முடியும்.

வழிப்போக்கன் ஐயா கேட்ட கேள்விக்கும் ஒரு வார்த்தை. லட்சம் பேரைச் சரிபார்க்க ஆள் வேண்டாம். நீக்கப்படுகிறவர்களின் மேல்முறையீட்டைப் படிக்க ஆள் வேண்டும். அவர் பெயரோடு பதில் எழுத வேண்டும். அந்தச் சம்பளத்தைக் கொடுக்க மனமில்லாத நிறுவனத்துக்கு ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

*

கருப்பு அங்கி எழுதியது:

கடைசி பெஞ்ச் தம்பிக்கு. நேரத்தைக் கடத்தாதீர்கள். மேல்முறையீட்டுப் பட்டனை மறுபடி அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம், அது அதே இடத்துக்குத்தான் போகும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் முகவரிக்கு எழுத்தில் கேளுங்கள். அன்று எடுத்த இரண்டு செல்ஃபி, அவை எந்தப் படத்தோடு ஒப்பிடப்பட்டன, பொருத்த மதிப்பெண் எவ்வளவு, எவ்வளவு வந்தால் சரி என்று வைத்திருக்கிறார்கள், மேல்முறையீட்டைப் படித்தவர் யார். ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள தேதியைக் குறிப்பிடுங்கள். அந்தப் படங்களை அழிக்கக் கூடாது என்று ஒரு வரி கண்டிப்பாகச் சேருங்கள். வரைவை எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

*

கடைசி பெஞ்ச் எழுதியது:

சரிங்க வக்கீல் சார். பட்டறைக்காரன் அண்ணா, அந்த மதிப்பெண் பத்தி எப்படிக் கேக்கணும்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நைட்டுக்குள்ள அனுப்பிடுறேன்.